மூன்று புரொஜெக்டரில் ஒன்று மட்டும் ஏன் கறுத்துப் போகிறது?

ஒரே கணினி, மூன்று புரொஜெக்டர்கள். இரண்டில் படம் வருகிறது, மூன்றாவதில் 'நோ சிக்னல்'. கேபிளைக் கழற்றி மாட்டினால் மூன்றாவது உயிர் பெறுகிறது, ஆனால் முதலாவது போய்விடுகிறது. பெரிய அரங்கு, வகுப்பறை, காட்சிக்கூடம் என்று பல திரைகளை அமைக்கும் எல்லா இடங்களிலும் இந்தக் குழப்பம் வருகிறது. 'சிக்னல் வீக்' என்று சொல்லி நடுவில் சிக்னலை வலுவாக்கும் ஒரு பூஸ்டரை வைப்பதுதான் பொதுவான வைத்தியம். சில நேரம் சரியாகிறது, பல நேரம் ஆவதில்லை.

ஆகாததற்குக் காரணம் உண்டு. கணினியையும் புரொஜெக்டரையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. படம் ஒரே திசையில் ஓடுவது ஒன்று. படத்தை அனுப்பும் கருவியும் புரொஜெக்டரும் முன்னும் பின்னும் பேசிக்கொள்வது இன்னொன்று. தொலைவு முக்கியமாக முதல் வேலையைக் கெடுக்கிறது. புரொஜெக்டர்களின் எண்ணிக்கை இரண்டாவதைக் கெடுக்கிறது. பூஸ்டர் முதலாவதுக்கு மட்டுமே மருந்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கருவியை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

கேபிளில் எவ்வளவு ஓடுகிறது?

ஃபுல் ஹெச்டி படம் என்றால் 1920 × 1080 புள்ளிகள். கேபிளில் ஓடுவது அதைவிடப் பெரிய சட்டகம்: 2200 × 1125. மிஞ்சும் ஓரம் பிக்சர் டியூப் காலத்திலிருந்து தொடரும் இடைவெளி. ஹெச்டிஎம்ஐ அந்த இடைவெளியில்தான் ஒலியை அனுப்புகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 2200 × 1125 × 60 = 14.85 கோடி புள்ளிகள். இதைத்தான் 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் என்கிறார்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்கள், நிறத்துக்கு 8 பிட். அந்த 8 பிட் 10 பிட்டாக மாற்றப்பட்டு, நிறத்துக்கு ஒரு ஜோடிக் கம்பி வழியாகப் போகிறது. ஜோடிக்கு வினாடிக்கு 1.485 கிகாபிட், மூன்றுக்கும் சேர்த்து 4.455 கிகாபிட். நான்காவது ஜோடியில் கிளாக், அதாவது தாளம் காட்டும் துடிப்பு.

4கே (3840 × 2160) படத்தை 60 ஃபிரேமில், நிறத்தைக் குறைக்காமல் அனுப்பினால் எல்லாம் நான்கு மடங்கு: 594 மெகாஹெர்ட்ஸ், ஜோடிக்கு 5.94 கிகாபிட், மொத்தம் 17.82 கிகாபிட். 2013இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0 பதிப்பின் '18 கிகாபிட்' என்ற எண் இதிலிருந்து வந்ததுதான். 2017இல் வந்த 2.1 பதிப்பு 48 கிகாபிட் வரை போகிறது. ஆனால் புரொஜெக்டர் அமைப்புகளில் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் 4.455க்கும் 17.82க்கும் இடையில்தான்.

தொலைவு என்ன செய்கிறது?

செம்புக் கம்பியில் சிக்னல் ஒரு நானோவினாடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் போகிறது. ஃபுல் ஹெச்டியில் ஒரு பிட்டின் ஆயுள் 0.67 நானோவினாடி. அப்படியென்றால் கேபிளுக்குள் ஒரு பிட் பிடிக்கும் இடம் சுமார் 13 சென்டிமீட்டர். 4கே 60இல் அது வெறும் 3.4 சென்டிமீட்டர். 20 மீட்டர் கேபிளில் ஒரே நேரத்தில், ஒரு ஜோடியில் மட்டும், கிட்டத்தட்ட 600 பிட்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேல்தோலுக்கு ஒதுங்குகிறது, இழப்பு ஏறுகிறது. கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சுகிறது. வேகமாக மாறும் பகுதிகள்தான் அதிகம் தேய்கின்றன. அதனால் பிட்டின் கூர்மையான விளிம்பு மழுங்கி, பக்கத்துப் பிட்டோடு கலக்கிறது.

பழைய விஜிஏ அனலாக் கேபிளில் இது படிப்படியாகக் கண்ணுக்குத் தெரியும்: எழுத்து மங்கும், நிழல் விழும், ஆனாலும் படம் இருக்கும். டிஜிட்டலில் அப்படியில்லை. ரிசீவர் பூஜ்யத்தையும் ஒன்றையும் பிரித்தறிய முடிகிற வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எல்லையைத் தொட்டதும் மினுமினுக்கும் புள்ளிகள். இன்னும் சில மீட்டர் போனால் ஒன்றுமே இல்லை. இன்று நன்றாக வரும் படம் எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

கேபிள் இவ்வளவு மீட்டர் வரை இருக்கலாம் என்று ஹெச்டிஎம்ஐ தரநிலை எங்கும் சொல்லவில்லை. சிக்னல் எப்படி வந்து சேர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. நடைமுறையில், நல்ல தடிமனான சாதாரணச் செம்புக் கேபிள் ஃபுல் ஹெச்டியை 15 மீட்டர் அளவுக்குக் கொண்டுபோகும். 4கே 60 என்றால் 5 முதல் 7 மீட்டர். கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்குச் சுவர் ஏறி, கூரை வழியாகச் சுற்றிப் போகும் கேபிள் இதை எளிதாகத் தாண்டிவிடும்.

படத்துக்குப் பின்னால் நடக்கும் பேச்சு

மக்கள் அதிகம் கவனிக்காத பகுதி இது. பல திரை அமைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. கேபிளைச் செருகியதும் நடப்பது இது:

1. கணினி இணைப்பியின் 18ஆம் பின்னில் (ஊசியில்) 5 வோல்ட் கொடுக்கிறது.
2. புரொஜெக்டர் 19ஆம் பின்னை உயர்த்தி 'நான் இருக்கிறேன்' என்கிறது. இதற்கு ஹாட் பிளக் என்று பெயர்.
3. கணினி புரொஜெக்டரின் ஈடிஐடியைப் படிக்கிறது. 128 பைட் அளவுள்ள அடிப்படைப் பட்டியல் அது. கூடவே இன்னொரு 128 பைட் நீட்சியும் பொதுவாக இருக்கும். எந்தெந்தப் பட அளவுகள் எனக்குத் தெரியும், எது எனக்கு உகந்தது, ஒலி வாங்குவேனா என்பதெல்லாம் அதில் இருக்கும்.
4. நகலெடுக்க முடியாதபடி பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கம் என்றால் ஹெச்டிசிபி என்ற சாவிப் பரிமாற்றம் நடக்கிறது. அது சரியானால்தான் பூட்டப்பட்ட படம் அங்கே திறக்கும்.

3, 4 இரண்டும் ஒரே மெதுவான இரட்டைக் கம்பிப் பாதையில் நடக்கின்றன. அதன் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ்தான். மெதுவாகப் போவதால் தொலைவு இதைப் பாதிக்காது என்று தோன்றும். ஆனால் இந்தக் கம்பிகளில் மின்னழுத்தத்தை மேலே தூக்குவது ஒரு சிறிய மின்தடை மட்டுமே. நீளமான கேபிள் ஒரு மின்தேக்கியாக நடந்துகொள்கிறது. அதற்குத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 700 பிகோஃபாரட். அதைத் தாண்டினால் மின்னழுத்தம் ஏறுவதற்குள் அடுத்த பிட் வந்துவிடும். படம் போகும் ஜோடிகள் நன்றாக இருந்தும், ஈடிஐடியைப் படிக்க முடியாமல் கணினி 640 × 480இல் நின்றுவிடுவதும், எதையும் அனுப்பாமல் இருந்துவிடுவதும் இதனால்தான்.

ஹெச்டிசிபியின் 1.x பதிப்புகளில் இன்னொரு விஷயம் உண்டு. முதலில் கைகுலுக்கிவிட்டு விட்டுவிடுவதில்லை. 128 ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது 60 ஃபிரேமில் இரண்டு வினாடிக்குச் சற்றுமேல், இரு பக்கமும் ஒரே எண்ணை வைத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கப்படுகிறது. அதனால் கோளாறைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று கிடைக்கிறது. புள்ளிகள் அங்கங்கே மினுங்கினால் தொலைவைச் சந்தேகியுங்கள். படம் முழுசாக வந்து, போய், மறுபடி வந்துகொண்டிருந்தால், அதுவும் பூட்டப்பட்ட படத்தில் மட்டும் அப்படி நடந்தால், பேச்சைச் சந்தேகியுங்கள்.

'பல திரை' என்பது ஒரே வேலை அல்ல

எல்லாத் திரையிலும் ஒரே படம் வேண்டுமா, ஒவ்வொன்றிலும் வேறு படமா, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய படமா? இதை முதலில் தீர்மானிக்காமல் கருவி வாங்கினால் பணம் வீண்.

ஒரே படத்துக்கு, ஒரு சிக்னலைப் பல திரைகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் போதும். வேறு வேறு படங்களை விரும்பியபடி மாற்ற, எந்தப் படத்தையும் எந்தத் திரைக்கும் திருப்பிவிடும் மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் வேண்டும். ஒரே பெரிய படத்துக்கு, கணினியிலோ தனிக் கருவியிலோ படத்தைத் துண்டுபோட்டு, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஏறிய இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு எட்ஜ் பிளெண்டிங் என்று பெயர்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு கணக்கு பலரைச் சறுக்க வைக்கிறது. இரண்டு ஃபுல் ஹெச்டி புரொஜெக்டர்களை 20 சதவீதம், அதாவது 384 புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் கிடைக்கும் அகலம் 3456. இது 4கே வெளியீட்டின் 3840க்குள் அடங்கும். மூன்று வைத்தால் 4992, அடங்காது. மூன்று புரொஜெக்டர் வைத்த பிறகு ஒரே 4கே கேபிளில் முழுக் கூர்மையும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று தனி வெளியீடுகள் தேவை, ஆகவே மூன்று தனி நீட்டிப்புப் பாதைகளும் தேவை.

எந்த வழியாகக் கொண்டுபோவது?

15 மீட்டருக்குள் ஃபுல் ஹெச்டி என்றால் நல்ல கேபிள் ஒன்றே போதும், நடுவில் எதையும் சேர்க்க வேண்டாம். அதைத் தாண்டும்போதுதான் தேர்வுகள் வருகின்றன.

*இரண்டு நெட்வொர்க் கேபிள் கேட்கும் மலிவான எக்ஸ்டெண்டர்.* எக்ஸ்டெண்டர் என்பது சிக்னலை நீண்ட தூரம் கொண்டுபோகும் கருவி. இரு முனையிலும் சின்ன டப்பா, நடுவில் இரண்டு கேட் 5ஈ அல்லது கேட் 6. ஹெச்டிஎம்ஐயின் ஜோடிகளை அப்படியே நெட்வொர்க் கேபிளின் ஜோடிகளில் ஏற்றிவிடும் வகை இது. இதை ஒதுக்கிவைப்பதே நல்லது. நெட்வொர்க் கேபிளில் ஜோடிகள் ஒன்றோடொன்று இடறாமல் இருக்க ஒவ்வொன்றையும் வேறு அளவில் முறுக்குகிறார்கள். அதிகம் முறுக்கிய ஜோடியில் கம்பியின் உண்மையான நீளம் கூடும். அதனால் வரும் நேர வேறுபாடு 100 மீட்டருக்கு 45 நானோவினாடி வரை இருக்கலாம் என்று கேபிள் தரநிலையே அனுமதிக்கிறது. 50 மீட்டரில் 22 நானோவினாடி என்று வைத்தாலும், ஃபுல் ஹெச்டியில் சிவப்பு நீலத்தைவிட 30 பிட்டுக்கு மேல் பிந்தி வரலாம். ஹெச்டிஎம்ஐ ரிசீவர் தாங்குவது சில பிட் வேறுபாட்டை மட்டுமே. கேபிள் முழுக்கத் தரமானது, ஆனால் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது.

*ஹெச்டிபேஸ்டி.* வேலென்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 2010இல் அதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். இது ஜோடிகளை அப்படியே ஏற்றுவதில்லை. படத்தையும் அந்தப் பேச்சையும் சேர்த்துத் தன் சொந்த முறையில் குறியாக்கி ஒரே நெட்வொர்க் கேபிளின் நான்கு ஜோடிகளில் அனுப்புகிறது. ஜோடிகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை ரிசீவர் சரிக்கட்டிவிடும். படம், ஒலி, 100 மெகாபிட் ஈதர்நெட், புரொஜெக்டரை இயக்கும் கட்டளைகள், மின்சாரம் எல்லாம் ஒரே கேபிளில் போகும். புரொஜெக்டருக்கு அருகில் ரிசீவருக்கென்று தனி அடாப்டர் வைக்கத் தேவையில்லாத மாடல்கள் உண்டு. ஹெச்டிபேஸ்டி ரிசீவரைத் தன்னுள்ளேயே வைத்து வரும் புரொஜெக்டர்களும் உண்டு. நிலையான அமைப்புக்கு இதையே முதலில் யோசிக்கலாம்.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியவை சில:

1. 'கிளாஸ் ஏ' வகை ஃபுல் ஹெச்டியை 100 மீட்டருக்கும், 'கிளாஸ் பி' 70 மீட்டருக்கும் கொண்டுபோகும். 4கே என்றால் கிளாஸ் பியின் தொலைவு கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும்.
2. முதல் இரண்டு பதிப்புகளின் உச்சம் 10.2 கிகாபிட். 17.82 கிகாபிட் கேட்கும் 4கே 60 இதில் அடங்காது. நிற விவரத்தைக் கால்பங்காகக் குறைக்கும் 4:2:0 முறையில் அது 8.91 ஆகிறது, அப்போது அடங்கும். திரைப்படத்துக்கு இது போதும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்துள்ள ஸ்லைடுக்குப் போதாது. எழுத்தின் ஓரம் கரையும். மூன்றாம் பதிப்புதான் முழு 18 கிகாபிட்டையும் சுருக்காமல் கொண்டுபோகிறது. பெட்டியில் '4கே' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், எத்தனை ஃபிரேம், எந்த நிற முறை என்று கேளுங்கள்.
3. பிளக் நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45தான், ஆனால் இது ஈதர்நெட் அல்ல. நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்க முடியாது. சொந்த முறையில் மின்சாரம் அனுப்பும் சில எக்ஸ்டெண்டர்களை ஸ்விட்ச்சில் செருகினால் ஸ்விட்ச்சே கெட்டுப்போகலாம். இரு முனையிலும் லேபிள் ஒட்டிவிடுங்கள்.
4. முழுச் செம்பு, ஒற்றைக் கம்பி, ஷீல்டு உள்ள கேபிள் வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் வேண்டாம். மிஞ்சியதை இறுக்கமாகச் சுருட்டி வைக்க வேண்டாம்.

*ஒளியிழை.* தொலைவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றால் இதுதான். இரு முனையிலும் மின்-ஒளி மாற்றி பொதிந்த ஹெச்டிஎம்ஐ கேபிள்கள் 4கே 60ஐ, நிறம் குறைக்காமல், பல பத்து மீட்டர் கொண்டுபோகின்றன. இவற்றுக்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய, படத்தை அனுப்பும் கருவிக்கான முனையைப் புரொஜெக்டரில் செருகினால் படம் வராது. குழாய்க்குள் இழுத்தபின் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை, ஆகவே இழுக்குமுன் சோதியுங்கள். முனை உடைந்தால் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும். தனி ஒளியிழையும் இரு முனையில் தனி மாற்றிகளும் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. செம்பே கலக்காத ஒளியிழை என்றால் இரு முனைகளுக்கும் இடையில் மின்தொடர்பே இருக்காது. மேடையும் புரொஜெக்டரும் வேறு வேறு மின் இணைப்பில் இருக்கும் இடங்களில் எர்த் வேறுபாட்டால் வரும் தொல்லை அறவே நீங்கிவிடும்.

*எஸ்டிஐ.* ஒளிபரப்புத் துறையின் கோஆக்சியல் கேபிள் முறை. 2.97 கிகாபிட்டில் ஃபுல் ஹெச்டி 60ஐ நல்ல கேபிளில் 100 மீட்டர் அளவுக்குக் கொண்டுபோகும். பூட்டி நிற்கும் பிஎன்சி இணைப்பு, காலில் இடறினாலும் கழலாது. இதில் ஈடிஐடியும் இல்லை, ஹெச்டிசிபியும் இல்லை. பேச்சே இல்லாததால் அது சார்ந்த கோளாறும் இல்லை. நேரடி கேமரா படத்துக்கு அருமையான வழி. பூட்டப்பட்ட படம் போகாது, 1920 × 1200 போன்ற கணினி அளவுகளும் போகாது.

*நெட்வொர்க் வழி.* ஃபுல் ஹெச்டி படத்தின் புள்ளிகள் மட்டுமே வினாடிக்கு 3 கிகாபிட். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் போக வேண்டுமானால் சுருக்கியாக வேண்டும். 4கே 60க்கு 12 கிகாபிட். 10 கிகாபிட் நெட்வொர்க்கிலும் லேசாகச் சுருக்கத்தான் வேண்டும். சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிக்கும். பத்து இருபது திரைகள், அடிக்கடி மாறும் அமைப்பு என்றால் இந்த வழி நன்றாக விரிவடையும். படத்தைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஸ்விட்ச்சில் இயக்க மறக்கக் கூடாது. மறந்தால் ஒரு திரைக்கான படம் எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாகப் பாயும், மொத்த நெட்வொர்க்கும் திணறும்.

எண்ணிக்கை கூடும்போது

தொடக்கத்தில் பார்த்த மூன்று புரொஜெக்டருக்கு இப்போது திரும்புவோம். கணினிக்கு ஒரே ஒரு ஈடிஐடிதான் தெரியும். மூன்று புரொஜெக்டர் மூன்று பட்டியல் தந்தால் ஸ்ப்ளிட்டர் எதைக் கணினியிடம் காட்டும்? சில ஸ்ப்ளிட்டர்கள் முதல் போர்ட்டில் உள்ளதை அப்படியே நகலெடுக்கும். சில, மூன்றுக்கும் பொதுவானதைத் தேடும். சில, உள்ளே பதிந்த ஒரு நிலையான பட்டியலைத் தரும். நகலெடுக்கும் வகையில், முதல் போர்ட்டில் 1920 × 1200 புரொஜெக்டரும் மற்றதில் அந்த அளவை அறியாத ஃபுல் ஹெச்டி திரையும் இருந்தால், மற்றது கறுத்துப் போகும். கேபிளை மாற்றிச் செருகினால் சூழ்நிலை மாறுவதும் இதனால்தான்: சிக்னல் மாறவில்லை, யாருடைய பட்டியல் படிக்கப்படுகிறது என்பது மாறுகிறது.

1920 × 1200க்கே இன்னொரு பொறி உண்டு. ஓர இடைவெளியைக் குறைத்த முறையில் அதன் கிளாக் 154 மெகாஹெர்ட்ஸ். குறைக்காத முறையில் 193 மெகாஹெர்ட்ஸ். 165 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும் பழைய எக்ஸ்டெண்டரில் முதலாவது போகும், இரண்டாவது போகாது. இரண்டிலும் கணினித் திரையில் காட்டும் எண் ஒன்றுதான்.

இதற்கு உறுதியான தீர்வு, ஈடிஐடியை நாமே நிர்ணயிப்பது. எல்லாப் புரொஜெக்டருக்கும் தெரிந்த ஓர் அளவைத் தேர்ந்து, ஸ்ப்ளிட்டரிலோ கணினிக்கு அருகில் வைக்கும் ஈடிஐடி எமுலேட்டரிலோ பதிந்துவிட வேண்டும். புரொஜெக்டர் அணைந்திருந்தாலும் கணினி அதே பட்டியலைப் பார்க்கும். பிளெண்டிங் அமைப்பில் இது கட்டாயம் என்றே சொல்வேன். ஒரு புரொஜெக்டர் தாமதமாக எரிந்தால் விண்டோஸ் திரைகளின் வரிசையையே மாற்றிவிடும். பதியும் பட்டியலில் ஒலி உண்டு என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கணினி ஒலியையே அனுப்பாது, ஆம்ப்ளிஃபயரைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஹெச்டிசிபியிலும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1.x பதிப்பில் ஒரு சோர்ஸுக்குக் கீழே 127 கருவிகள், 7 அடுக்குகள், 2.2இல் 32 கருவிகள், 4 அடுக்குகள். ஸ்ப்ளிட்டருக்குள் ஸ்ப்ளிட்டர், அதற்குப்பின் மேட்ரிக்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போனால் 4 சீக்கிரம் தீர்ந்துவிடும். 2.2 கேட்கும் படத்தின் பாதையில் பழைய பதிப்பு மட்டும் அறிந்த ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்தாலும் போதும்: அது மட்டும் கறுக்கும், அல்லது எல்லோருக்கும் தரம் குறையும், ஸ்ப்ளிட்டரையும் சோர்ஸையும் பொறுத்து.

அப்புறம் நேரம். 100 மீட்டர் கேபிளில் வரும் தாமதம் அரை மைக்ரோவினாடி. அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியும் தாமதம் கருவிகளில் இருக்கிறது. 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி. ஒரு புரொஜெக்டருக்கு ஹெச்டிபேஸ்டியும் பக்கத்துப் புரொஜெக்டருக்கு நெட்வொர்க் வழியும் வைத்தால், இரண்டும் சேரும் இடத்தில் நகரும் படம் வெட்டுப்படும். ஒன்றில் மட்டும், கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் இயங்கினாலும் அப்படி ஆகலாம். பிளெண்டிங்கில் எல்லாப் பாதையும் ஒரே வகை, ஒரே மாடல், ஒரே அமைப்பாக இருக்க வேண்டும். கணினியின் வெளியீடுகள் ஒரே தாளத்தில் ஓட ஃபிரேம் லாக் உள்ள கிராபிக்ஸ் கார்டையும் பார்க்கலாம்.

கோளாறு வந்தால் தேடும் வரிசை

1. புரொஜெக்டரை இறக்க முடிந்தால் இறக்கி, அல்லது ஒரு சிறு மானிட்டரை அங்கே ஏற்றி, 2 மீட்டர் கேபிளில் நேராகச் சோதியுங்கள். வந்தால் புரொஜெக்டரும் சோர்ஸும் நலம்.
2. பட அளவை 1280 × 720க்குக் குறையுங்கள். அதில் நிலையாக வந்தால் சிக்கல் பெரும்பாலும் தொலைவில் அல்லது கேபிளில்.
3. குறைத்தும் வரவில்லையென்றால் பூட்டில்லாத படத்தைப் போடுங்கள்: சாதாரண ஸ்லைடு போதும். அது மட்டும் வந்தால் ஹெச்டிசிபி. ஆனால் சில மடிக்கணினிகள், எதிர்முனை ஹெச்டிசிபி அறிந்தது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும்; வேறு கணினியிலும் ஒருமுறை பாருங்கள்.
4. அப்போதும் இல்லையென்றால் ஈடிஐடியை நிலைப்படுத்துங்கள். மற்றப் புரொஜெக்டர்களைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தால் வருகிறது, மூன்றும் சேர்ந்தால் வரவில்லை என்றால் ஏறக்குறைய உறுதியாக இதுதான்.

சோதனையை எப்போதும் உண்மையில் ஓடப்போகும் உச்ச அளவில், சில மணி நேரம் தொடர்ந்து, அரங்கின் விளக்குகளும் மோட்டார்களும் இயங்கும்போது செய்யுங்கள். குழாயில் கேபிள் இழுக்கும் அன்றே ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து இழுத்து, முனையில் எண் எழுதி விட்டுவிடுங்கள். கூரை மூடிய பிறகு அதற்கு ஆகும் செலவும் அலைச்சலும் பல மடங்கு.